தண்ணீர் மறுத்த கோதண்டம்

கோதண்டத்தின் வீட்டில் எல்லோருக்கும் தண்ணீரோடுதான் பிழைப்பு. அப்பா கடலில் வலை வீசினார். அண்ணன்கள் இருவரும் இன்றும் வீசுகிறார்கள். மனைவி அங்கம்மா, ஐஸ் உருகி ஒழுகும் கூடையோடு மீன் விற்கிறார். கோதண்டத்துக்கு மட்டும் தண்ணீரை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம். கிழக்கே கடல், மேற்கே கழிமுகம், மழைக்காலத்தில் தெருவுக்குள்ளேயே ஆறு என்று இருக்கும் எண்ணூர்ப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் இப்படி ஓர் உத்தியோகம் உண்டு என்பதைப் பலர் கடைசிவரை நம்பவில்லை.

அவரையும் படகில் ஏற்றிப் பார்க்காமல் இல்லை. பதினாறு வயதில் ஏற்றினார்கள். பத்தாவது நிமிடம் வாந்தி. ஆரம்பத்தில் எல்லோருக்கும் அப்படித்தான், பழகிவிடும் என்றார்கள். மூன்று பருவம் பழகிப் பார்த்தார். கடல் அவரோடு பழக மறுத்துவிட்டது. "மீனுக்குத் தீனி போடறதுக்கா இவன இட்டுகினு போறோம்?" என்று அண்ணன் கேட்ட பிறகு, துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். மூட்டையிலிருந்து ஃபோர்க்லிஃப்ட். ஃபோர்க்லிஃப்ட்டிலிருந்து, மணலிக்குப் போகும் சாலையில் உள்ள ரசாயனக் குடோன் ஒன்றில் மூன்றாம் நம்பர் ஷெட்டுக்குப் பொறுப்பாளர். இப்போது வயது நாற்பத்தேழு. பத்தாவது வரை படிப்பு. ஆனால் ட்ரம்மில் ஒட்டியிருக்கும் காகிதத்தை ஓர் எழுத்து விடாமல் படிக்கிற பழக்கம் அந்தக் குடோனில் பட்டதாரிகளுக்குக்கூடக் கிடையாது.

மூன்றாம் ஷெட்டில் இருப்பது டைட்டானியம் டெட்ராகுளோரைடு. லோடிங் ஆட்கள் யாருக்கும் அவ்வளவு நீளத்துக்கு மூச்சு கிடையாது, 'டெட்ரா' என்பார்கள். கப்பலில் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வந்து, லாரியில் இங்கே வந்து, வாங்கியவர்கள் எடுத்துப் போகும்வரை தங்கியிருக்கும் சரக்கு. பார்க்கப் பரம சாது. நிறமே இருக்காது, இருந்தாலும் லேசான மஞ்சள். தண்ணீரைப் போலவே தோன்றுகிற இந்தத் திரவத்துக்குத் தண்ணீரைக் கண்டால்தான் ஆகாது. ஒரு சொட்டு பட்டால் போதும், கொதித்துச் சீறும். சொட்டுகூட வேண்டாம், சென்னைக் காற்றில் இருக்கிற ஈரமே தாராளம். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை கிளம்பும். அந்தப் புகையில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒன்று ஹைட்ரோகுளோரிக் அமிலம்: கண், மூக்கு, நுரையீரல் எதையும் விட்டுவைக்காது. இன்னொன்று டைட்டானியம் டை ஆக்சைடு என்கிற வெள்ளைப் பொடி: சுவருக்கு அடிக்கும் பெயிண்டில் இருக்கிற அதே அப்பாவிப் பொடி. அடியாளும் அர்ச்சகரும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கியது போல.

இவ்வளவு பொல்லாத சரக்கை எதற்குக் கடல் கடந்து கொண்டுவருகிறார்கள் என்று குப்பத்தில் கேட்பார்கள். கேட்பவர்கள் உட்கார்ந்திருக்கும் படகின் வெள்ளைப் பெயிண்ட் இதிலிருந்து பிறந்திருக்கலாம். கையில் இருக்கும் பிளாஸ்டிக் கயிற்றை உருவாக்குகிற வினையை முடுக்கிவிட இதில் ஒரு சிட்டிகை தேவைப்பட்டிருக்கலாம். விமானத்தின் உடம்புக்கும், முறிந்த எலும்பில் வைக்கும் தகட்டுக்குமான டைட்டானியம் உலோகம் இதைக் கடந்துதான் வருகிறது. கோதண்டம் இதையெல்லாம் விளக்கிச் சொல்வார். கேட்டு முடித்தவர்கள், "அப்ப அத்த ஊத்தி மீன் பொரிக்கலாமா?" என்பார்கள்.

சொல்வதைக் கேட்காதவர்களில் முதல் ஆள் பொன்ராஜ். அங்கம்மாவின் தம்பி. அதே குடோனில் லோடிங் மேஸ்திரி. வாரத்தில் ஆறு நாள் ட்ரம் உருட்டுவான், ஞாயிற்றுக்கிழமை படகில் போய் வலை இழுப்பான். இரண்டுக்கும் வலது கைதான் மூலதனம். நல்லவன், ஆனால் சுத்தக்காரன். சுத்தம் என்றால் அவனுக்குத் தண்ணீர்தான். ஆயுத பூஜை வந்தால் குடோனையே குளிப்பாட்டிவிடுவான். லாரி, டிராலி, தராசு, ஃபோர்க்லிஃப்ட் எல்லாவற்றுக்கும் குழாய்த் தண்ணீர், பிறகு மஞ்சள் தண்ணீர், பிறகு சந்தனம், குங்குமம். அவன் கை படாமல் அந்த வளாகத்தில் எந்த இயந்திரமும் பூஜை வாங்கியதில்லை, மூன்றாம் ஷெட்டைத் தவிர. ஐந்து வருடமாகக் கோதண்டம் அதைப் பூட்டியே வைத்திருந்தார்.

அந்த வருடம் முதலாளியே பூஜைக்கு வருகிறார், எல்லா ஷெட்டிலும் படம் எடுக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. மச்சான்கள் இருவரும் லோடிங் ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் மோதிக்கொண்டார்கள்.

"இன்னா மாமா, எல்லாத்துக்கும் சாமி கும்புடறோம், உன் ட்ரம்முக்கு மட்டும் வோணாமா? அது இன்னா நாத்திகமா?"

"கும்புடு. தூரமா நின்னு கும்புடு. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரக்கூடாது."

"கலீஜா கீது மாமா. ஒவ்வொரு மூடிலயும் வெள்ள வெள்ளயா இன்னாவோ பூத்துக்கினு கீது."

"அத்தத் தொடாத. அதுதான் அடச்சிக்கினு கீது."

"அழுக்கு அடச்சிக்கினு கீதாம்! கேட்டுக்கங்கப்பா!"

ஆட்கள் சிரித்தார்கள். கோதண்டம் சொன்னது உண்மை. திருகுமூடியின் ஓரத்தில் டெட்ரா மிகச் சன்னமாகக் கசிந்தால், காற்றின் ஈரம் பட்டு அந்த இடத்திலேயே வெள்ளைப் பொடியாக இறுகிவிடும். கசிவைத் தானே அடைத்துக்கொள்ளும் கசிவு. அப்படிப் பூத்த ட்ரம்முக்குத் தனியாகக் கட்டம் போட்டு ஒதுக்கி, முகமூடியும் ரப்பர் உடையும் மாட்டி, மூடியை மாற்ற வேண்டும். இது அவருக்குத் தெரியும். ஆனால் சிரிப்பில் தோற்றவர் சொல்லும் உண்மைக்கு மதிப்பு குறைவு. கோபத்தில் அவர் ஒரு வார்த்தை விட்டார்: "உள்ள போனின்னா, நீ எரிஞ்சாலும் நான் திரும்பிப் பாக்க மாட்டேன்." அதைப் பதினான்கு பேர் கேட்டார்கள்.

பூஜை நாளான சனிக்கிழமை, முதலாளி வருவதற்கு முன், மேனேஜர் எழிலன் கோதண்டத்தை, கிழக்கே பின்பக்கம் வந்து நிற்கும் கன்டெய்னரைச் சரிபார்க்க அனுப்பினார். அனுப்பிவிட்டு மாற்றுச் சாவியைப் பொன்ராஜிடம் கொடுத்தார். எழிலன் கெட்டவர் அல்ல. முப்பது வயது, மேலாண்மைப் படிப்பு, முதலாளிக்கு நல்ல படம் வேண்டும். "லைட்டா தெளிச்சுத் துடைச்சிடுங்க" என்றார். பொன்ராஜின் அகராதியில் 'லைட்டா' என்ற சொல் கிடையாது.

பொன்ராஜ் புதுச் சட்டை போட்டிருந்தான். படத்துக்காகக் கறுப்புக் கண்ணாடியும். அந்தக் கண்ணாடிதான் அன்று அவன் கண்களைக் காப்பாற்றியது. பாதுகாப்புக் கண்ணாடி போடச் சொல்லி ஐந்து வருடம் கெஞ்சியவரால் முடியாததை ஒரு போட்டோ ஆசை செய்தது. மூன்றாவது வரிசையில் ஒரு ட்ரம். மூடியைச் சுற்றி வெள்ளையாகக் கெட்டியாகப் பூத்திருந்தது. ஈரத் தேங்காய் நாரை வைத்து அழுத்தித் தேய்த்தான். அடைப்பு பெயர்ந்தது. டெட்ராவுக்கு மேல், ஈரம் புகாமலிருக்க அடைத்து வைத்திருந்த நைட்ரஜனின் அழுத்தத்தில், ஒரு டம்ளர் அளவு திரவம் விசிறி அடித்தது. வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை.

அலறல் கேட்டுக் கோதண்டம் ஓடிவந்தபோது ஷெட்டின் மேற்கு வாசலிலிருந்து புகை வெள்ளைத் திரையாக வெளியே வந்துகொண்டிருந்தது. ஆட்கள் எல்லோரும் மேற்கே, மெயின் கேட்டை நோக்கி ஓடினார்கள். புகையும் அவர்களோடுதான் போனது.

"கெழக்க வாங்கடா! கொண்டக் காத்து அடிக்கிது, பொகையோடவே ஓடறீங்களே! சுத்திக்கினு கெழக்க வாங்க!"

படகு ஏற்காத ஆளுக்குக் காற்று மட்டும் அத்துப்படி. கடலிலிருந்து வீசும் கொண்டல், புகையைச் சாலைப் பக்கம் தள்ளும். கடலைப் பார்த்து ஓடினால்தான் நல்ல மூச்சு. ஆட்கள் சுற்றிக்கொண்டு திரும்பினார்கள். பொன்ராஜ் பக்கவாட்டுக் கதவு வழியாகத் தள்ளாடி வந்து கோதண்டத்தின் மேலேயே விழுந்தான். கை புகைந்துகொண்டிருந்தது. மனிதனின் கை அடுப்பில் வைத்த ஈர விறகு போலப் புகைவதை அங்கிருந்தவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

"தண்ணி! மாமா, தண்ணி ஊத்து மாமா!"

எடைமேடைக் கணக்கர் ரஹீமுன்னிசா, பூஜைக்கு வைத்திருந்த மஞ்சள் தண்ணீர் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். கோதண்டம் அதைக் காலால் எட்டி உதைத்தார். பக்கெட் கவிழ்ந்து உருண்டது.

அதன் பிறகு அவர் செய்ததற்குப் பத்து விநாடிக்கு மேல் ஆகவில்லை. பார்த்தவர்கள் கணக்கில் அது கால் மணி நேரம். கையுறை போட்டிருந்தார். பொன்ராஜைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சட்டைக் கையைப் பிய்த்து எறிந்தார். ஃபோர்க்லிஃப்டுக்குச் சாத்த வாங்கி வைத்திருந்த புது மஞ்சள் துணியை இழுத்து, கையில் இருந்த திரவத்தைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தார். ஒரு துணி, எறிந்துவிட்டு இன்னொரு துணி. பொன்ராஜ் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தான். கோதண்டம் காதில் விழாதவர் போல ஒற்றிக்கொண்டே இருந்தார். மூன்றாவது துணி ஏறக்குறைய காய்ந்தே வந்தது. உடனே அவனைத் தரதரவென்று இழுத்துப் போய், ஷெட்டுக்கு வெளியே இருந்த அவசர ஷவரின் கீழே நிறுத்திப் பிடியை இழுத்தார். தண்ணீர் ஆகாத ஷெட்டின் வாசலில்தான் அந்தக் குடோனிலேயே பெரிய ஷவர் இருக்கிறது.

"அக்கா, கடியாரத்தப் பாரு. இருவது நிமிஷம். போதும் போதும்னு கத்துவான், உடாத."

ரஹீமுன்னிசா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அழுதுகொண்டே நின்றார். கோதண்டம் முகமூடியும் ரப்பர் உடையும் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். கசிவின் மேல் காய்ந்த மணலைக் கொட்டி, இன்னும் காய்ந்த மணலைக் கொட்டி, மூடியை இறுக்கி, ட்ரம்மை அதைவிடப் பெரிய ட்ரம்முக்குள் வைத்துப் பூட்டி வெளியே வர ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் பொன்ராஜ் அரசு மருத்துவமனையில் இருந்தான். அதற்குள் செய்தியும் குப்பத்துக்குப் போய்விட்டது.

செய்தி சுருக்கமாக இருந்தது. எரியும்போது மச்சான் தண்ணீர் கேட்டான். கோதண்டம் பக்கெட்டை எட்டி உதைத்தான்.

டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, ஆழம் குறைவு, தோல் வளர்ந்துவிடும் என்றார். உணர்ச்சியும் பிடியும் முழுதாகத் திரும்புமா என்பதை மட்டும் இப்போது சொல்ல முடியாது, சில மாதம் போகட்டும் என்றார். துடைத்துவிட்டுக் கழுவியது யார், நல்ல காரியம் என்றும் சொன்னார். ஆனால் அதை அவர் பொன்ராஜின் மனைவி ஷாலுவிடம் சொல்லவில்லை, நர்ஸிடம் சொன்னார். நர்ஸுக்கும் குப்பத்துக்கும் தொடர்பு கிடையாது.

அங்கம்மா அன்று சாயங்காலம் கணவனைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"தண்ணி கேட்டானா இல்லயா?"

"கேட்டான். ஆனா அது வந்து..."

"குடுத்தியா?"

"குடுத்தேன். அப்பறம் இருவது நிமிஷம்..."

"மொதல்ல கேட்டப்ப குடுத்தியா?"

"இல்ல."

அதோடு அங்கம்மா பேசுவதை நிறுத்திக்கொண்டார். சோறு போட்டார், தட்டை வைக்கும் சத்தம்தான் பேச்சு. கோதண்டத்துக்கு உள்ளுக்குள் பயம் இருந்தது. செய்தது சரி என்பதில் சந்தேகமில்லை. ஆனால், "நீ எரிஞ்சாலும் திரும்பிப் பாக்க மாட்டேன்" என்று சொன்ன வாயும் அவருடையதுதான். அதைக் கேட்ட பதினான்கு பேரில் ஆறு பேர் குப்பத்துக்காரர்கள். கடலில் தவிக்கிறவனுக்குப் பகையாளி படகுகூடக் குடிதண்ணீர் தர வேண்டும் என்பது அங்கே சட்டம். ஷாலு ஊர்ப் பஞ்சாயத்தில் பிராது வைத்தாள். வஞ்சம் என்று முடிவானால் ஊரே அவர் வீட்டோடு புழங்காது. அங்கம்மா கூடையை இறக்கி வைக்க யாரும் கை கொடுக்க மாட்டார்கள். அதைவிட, அங்கம்மாவே அதை நம்பிவிடுவார்.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வலைக்கூடத்தில் பஞ்சாயத்து கூடியது. தலைவர் சுப்பராயன், சொந்தப் படகில் எஞ்சின் மாற்றுவதற்கு நடுவில் கிரீஸ் கையோடு வந்திருந்தார். அங்கம்மா, விற்று மீந்த மீன் கூடையோடு பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். யாருடைய கட்சி என்று முகத்தில் எழுதியிருக்கவில்லை. கட்டுப் போட்ட கையோடு பொன்ராஜும் வந்திருந்தான்.

ஷாலு நேராகக் கேட்டாள். "எரியறவனுக்குத் தண்ணி தராம பக்கெட்ட ஒதச்சது எந்த ஊரு நாயம்? மொத நாளு சொன்ன வார்த்தயச் செஞ்சி காட்டிட்டாரு. வேற இன்னா?"

சுப்பராயன் கோதண்டத்தைப் பார்த்தார். "சொல்லுபா. தண்ணி ஊத்தணுமா, கூடாதா? ஒண்ணுல நில்லு. மொதல்ல கூடாதுன்ன. அப்பறம் இருவது நிமிஷம் ஊறப் போட்ட. எது கரெக்டு?"

"ரெண்டும்."

"வெளயாடறியா நைனா?"

கோதண்டம் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆரம்பித்தார். ஈரம், வினை, வெப்பம் என்று நான்கு வாக்கியம் பேசினார். கூட்டத்தில் கொட்டாவி பரவியது. பொன்ராஜே, "மாமா, பேஜாரு பண்ணாத" என்றான். கோதண்டம் நிறுத்திவிட்டார். கூடத்தின் மூலையைப் பார்த்தார். வெள்ளையடிக்க வாங்கிப் போட்ட சுட்ட சுண்ணாம்பு, பிளாஸ்டிக் பைக்குள் கட்டியாகவும் பொடியாகவும் இருந்தது. அவர் யோசித்து வந்ததல்ல, அங்கே தோன்றியதுதான்.

"இதுல தண்ணி ஊத்துனா இன்னா ஆவும்?"

"கொதிக்கும். இது தெரியாதா?" என்றாள் ஷாலு.

"கையில கொட்டிக்கிட்டா?"

கோதண்டம் மனைவியின் கூடைப் பக்கம் போனார். "ரெண்டு மீனு வேணும்" என்று பொதுவாகச் சொன்னார், கூடையைப் பார்த்து. குனிந்து ஒரு பெரிய சங்கராவையும் பக்கத்தில் ஒரு சின்னதையும் எடுத்தார்.

"இந்தாய்யா." எட்டு நாளில் அங்கம்மா அவரோடு பேசிய முதல் வார்த்தை. "ரெண்டும் ஒரே சைஸா எடு. பெருசு ஒண்ணு சின்னது ஒண்ணுன்னா அப்பறம் சைஸாலதான் வித்தியாசம்னு சொல்லுவாங்கோ. அதுவும் அது ஐஸுல கெடந்தது, இது காலைல வந்தது. ஒரே படகு மீனா எடு."

எடுத்தும் கொடுத்தார். எந்தப் பரிசோதனைச் சாலையிலும் இதைவிடக் கறாராக யாரும் மாதிரி தேர்ந்திருக்க மாட்டார்கள்.

கோதண்டம் ஷெட்டிலிருந்து நேராக வந்ததில் தலையிலேயே இருந்த பாதுகாப்புக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, எல்லோரையும் நான்கடி தள்ளி நிற்கச் சொன்னார். இரண்டு சங்கராவையும் துண்டால் ஈரம் போகத் துடைத்து, பலகையில் கிடத்தி, பையிலிருந்த கையுறையைப் போட்டுக்கொண்டு இரண்டின் மேலும் சுண்ணாம்புப் பொடியை ஒரே அளவு கொட்டினார். முதல் மீன் மேல் ஒரு கை தண்ணீர் தெளித்தார். நொடி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சுண்ணாம்பு உப்பியது, வெடித்தது, சீறியது, ஆவி கிளம்பியது. அது கொதிக்கும்போதே இரண்டாவது மீனைக் காய்ந்த துணியால் துடைத்துப் பொடியை எடுத்து, குழாயடியில் பிடித்து, தண்ணீரை முழுதாகத் திறந்துவிட்டார். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தார். அப்புறம் இரண்டையும் பெண்கள் முன்னால் வைத்தார்.

இதன் பிறகு பஞ்சாயத்து அவர் கையில் இல்லை, சுப்பராயன் கையிலும் இல்லை. முப்பது வருடமாக மீனைத் தொட்டே விலை சொல்லும் கைகள் இறங்கின. ஒருத்தி செவுளைத் தூக்கினாள், இன்னொருத்தி சதையை அழுத்தினாள், மூன்றாமவள் முகர்ந்தாள். முதல் மீனின் சிவப்புத் தோல் வெளுத்துச் சுருண்டு, அழுத்திய இடத்தில் விரல் உள்ளே போனது.

"இது வெந்துபூட்ச்சி."

"அது?"

"லேசா தோலு மங்கிருக்குது. சத கெட்டியா கீது. தாராளமா விக்கலாம்."

"நீ விப்ப. சுண்ணாம்பு மீன யாரு துன்றது? ரெண்டையும் பொதைச்சுடுங்க" என்றார் அங்கம்மா.

ஷாலு இரண்டாவது மீனை மறுபடி அழுத்திப் பார்த்தாள். பிறகு புருஷனின் கட்டைப் பார்த்தாள். உட்கார்ந்துகொண்டாள்.

"அப்ப கொஞ்சமா ஊத்துனாத்தான் தப்பு?" என்றார் சுப்பராயன்.

"ஒரு பக்கெட்டு தண்ணி அதுக்குத் தீனி நைனா. ஒரு டேங்க் தண்ணிதான் வைத்தியம். மொதல்ல ஒத்தி எடுக்கணும், அப்பறம் வெள்ளமா ஊத்தணும். தொடைக்க ஒண்ணுமே கெடைக்கலன்னா நின்னு யோசிக்காம வெள்ளமா ஊத்து. கண்ணுல பட்டா தொடைக்கவே தொடைக்காத, உடனே கொழாய்க்கு ஓடு. இது இந்தச் சரக்குக்கு. வேற ஆசிட்டுன்னா மொதல்லயே தண்ணிதான்."

"எல்லாத்துக்கும் ஒரே சட்டம்னு வெச்சிருக்கக் கூடாதா?"

"வெச்சவன் நான் இல்ல."

சிரிப்பு கிளம்பியது. இந்த முறை அவருக்கு எதிராக அல்ல. சுப்பராயன் விடவில்லை, தீர்ப்பு என்றால் யாருக்காவது கொஞ்சம் வலிக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள். "சரி. வஞ்சம் இல்ல. ஆனா பூஜைத் தண்ணிய காலால ஒதச்சது தப்புதான். கையால தள்ளியிருக்கலாம்."

"ரெண்டு கையிலயும் பொன்ராஜு இருந்தான்."

பொன்ராஜ் எழுந்தான். "நாந்தான் போட்டோக்கு ஆசப்பட்டுப் போனேன். அவரு வேணாம்னு சொன்னத நீங்கல்லாந்தான் கேட்டீங்களே, அந்த ஒரு வார்த்தய மட்டும் புடிச்சிக்கினு தொங்கறீங்க." கோதண்டத்தின் பக்கம் திரும்பினான். "ஆனா மாமா, அந்தப் பத்து செகண்டு உன்னக் கொன்னுடலாம்னுதான் இருந்துச்சி."

"தெரியும். கடிச்சிட்ட."

கோதண்டம் தோளைக் காட்டினார். பல் தடம் எட்டு நாளாகியும் மங்கவில்லை. பிராது அங்கேயே முடிந்தது. அன்று இரவு வீட்டில் தட்டு சத்தமில்லாமல் வைக்கப்பட்டது. சுண்ணாம்பை வேறு எந்த மீனில் காட்டியிருந்தால் மலிவாக முடிந்திருக்கும் என்பது பற்றி அங்கம்மா நெடுநேரம் பேசினார். கோதண்டம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

குடோனில் காகிதம் வேகமாக நகர்ந்தது. எழிலன் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். நல்ல விஷயம், அதை மின்னஞ்சலில் கேட்கவில்லை. மூன்றாம் ஷெட்டின் மாற்றுச் சாவி ஒழிந்தது. பூத்த மூடிகளை மாற்ற இரண்டு பேருக்கு முறையான பயிற்சி என்று உத்தரவு வந்தது. ஆள் கேட்டபோது முதலில் தூக்கப்பட்ட கை இடது கை. வலது கையை அப்போது பொன்ராஜால் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை.

டிசம்பரில் வேலைக்குத் திரும்பினான். முழங்கைக்குக் கீழே தோல், பழுத்த மாம்பழத்தில் விழும் திட்டுகள் போல இரண்டு நிறமாக வளர்ந்திருந்தது. விரல்கள் மூடின, பிடி கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. உணர்ச்சிதான் வரவில்லை. வலைக்கயிறு கையை அறுத்தால்கூடத் தெரியவில்லை, அதனால் ஷாலு ஞாயிற்றுக்கிழமை கடலுக்கு விடவில்லை. பொன்ராஜ் லாரி டிரைவர்களை நிறுத்தி, கையைக் காட்டி, டெட்ராவின் குணங்களை விவரிக்கத் தொடங்கினான். சொல்லச் சொல்ல ஒரு டம்ளர் அரை ட்ரம்மாக வளர்ந்தது. ஆனால் முதலில் ஒற்றல், பிறகு வெள்ளம் என்ற வரிசையை மட்டும் அவன் ஒருநாளும் மாற்றிச் சொல்லவில்லை.

பிப்ரவரியில் விபத்து ஒத்திகை. பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்தும் ஆட்கள் பார்க்க வந்திருந்தார்கள். அடிபட்டவராக நடிக்க யார் என்றதும் பொன்ராஜ் யாரையும் பக்கத்தில் விடவில்லை. அனுபவம் உள்ளவன் என்று வாதாடி வாங்கிக்கொண்டான். டெட்ராவுக்குப் பதில் கையில் தேங்காய் எண்ணெய் தடவினார்கள். விசில் ஊதியதும் அவன் அலறிய அலறலில், வந்திருந்த தீயணைப்பு ஊழியர் ஒருவர் நிஜமாகவே இரண்டடி ஓடிவந்துவிட்டார். கோதண்டம் கையுறையோடு போய் அவனைப் பிடித்துக்கொண்டு, காய்ந்த துணியால் ஒற்றத் தொடங்கினார். முழங்கையிலிருந்து கீழே, மெதுவாக.

பொன்ராஜ் திடீரென்று அலறலை நிறுத்தினான்.

"இன்னாடா? கத்து. எல்லாரும் பாக்கறாங்க."

"மாமா, கூசுது."

"எங்க?"

"மணிக்கட்டாண்ட. துணி படறது தெரியுது மாமா." அவன் குரல் ஒத்திகைக்குப் பொருந்தாத குரலாக இருந்தது. "இன்னொரு வாட்டி ஒத்து."

கோதண்டம் ஒற்றினார். பொன்ராஜ் கண்ணை மூடிக்கொண்டு, "அங்கதான், அங்கதான்" என்றான். ஒத்திகை அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தபடி, துடைக்கும் கட்டம் அனுமதித்த நேரத்தைத் தாண்டிவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். விதிப்படி அது பிழைதான்.